அந்தத் தெருவில் யாரும் சும்மா இல்லை

யோஹானஸ் வெர்மீர் என்ற டச்சு ஓவியர் 1658-ஆம் வருஷ வாக்கில் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. 'சின்னத் தெரு' என்று அதற்குப் பெயர். படமும் சின்னதுதான். உயரம் ஒண்ணே முக்கால் அடி, அகலம் ஒன்றரை அடிக்கும் கொஞ்சம் குறைச்சல். ஆம்ஸ்டர்டாமில் ரெய்க்ஸ்மியூசியத்தில் மாட்டியிருக்கிறார்கள். நான் அங்கே போனதில்லை. என் மகள் கம்ப்யூட்டரில் பெரிசாக்கிக் காட்ட, செங்கல் செங்கலாக உட்கார்ந்து பார்த்தேன். அவளுக்கோ அஞ்சு நிமிஷத்தில் அலுத்துப் போச்சு. "என்னம்மா இது, ஒரு பழைய வீடு, வாசல்ல யாரோ உட்கார்ந்திருக்காங்க. இதைப் போய் உலகமே கொண்டாடுதா?" என்றாள்.

நியாயமான கேள்விதான். ராஜா இல்லை, ராணி இல்லை, சண்டை இல்லை, சாமி இல்லை. அப்படியென்ன இதில் விசேஷம்? உங்களோடு சேர்ந்து ஒருமுறை நிதானமாகப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வலது பக்கம் பாதிக்கு மேல் இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு பழைய செங்கல் வீடு நிற்கிறது. உச்சியில் படிப்படியாக ஏறும் முகப்பு. கீழ்ப் பகுதிக்கு மட்டும் வெள்ளை அடித்திருக்கிறார்கள். பச்சைப் பலகைக் கதவு போட்ட ஜன்னல்கள். வலது ஓரத்தில் திறந்து கிடக்கும் ஒரு கதவு மட்டும் சிவப்பு. வாசற்படியில் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிய ஒரு பெண்மணி மடியில் ஏதோ தையலை வைத்துக்கொண்டு குனிந்திருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில், வீட்டின் முன்னால் பதித்த தளத்தில், இரண்டு குழந்தைகள் மண்டியிட்டு விளையாடுகின்றன. முதுகுதான் தெரிகிறது. என்ன விளையாட்டு என்று அவர்களுக்குத்தான் வெளிச்சம். வீட்டுக்கு இடது பக்கம் இரண்டு வாசல்கள் ஒட்டினாற்போல இருக்கின்றன. ஒன்று சாத்தியிருக்கிறது. மற்றது திறந்திருக்கிறது, அதற்குள்ளே ஒரு குறுகிய சந்து. சந்தில் இன்னொரு பெண் குனிந்து தண்ணீரில் ஏதோ வேலையாக இருக்கிறாள். பக்கத்தில் பீப்பாய், சுவரில் சாத்திய துடைப்பம். சந்திலிருந்து ஒரு சின்னச் சாக்கடைக் கால்வாய் நேராகத் தெருவுக்கு வந்து சேர்கிறது. இன்னும் இடதுபுறம் கொடி படர்ந்த அடுத்த வீடு. மேலே மேகம் திரண்ட வானம். அவ்வளவுதான் படம்.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்லும் வார்த்தை 'அமைதி'. ஆமாம், சத்தமே கேட்காத மாதிரிதான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். இந்த அமைதியைப் பார்த்து ரசிப்பவர்கள் கையில் வேலை இல்லாமல் நிற்பவர்களோ? ஏனென்றால் படத்தில் இருக்கிற பெரியவர்கள் இரண்டு பேரும் வேலையில் இருக்கிறார்கள். ஒருத்தி தைக்கிறாள், ஒருத்தி தண்ணீரோடு மல்லாடுகிறாள். குழந்தைகளுக்கு விளையாட்டே வேலை. நான்கு பேரில் ஒருவர்கூட நிமிர்ந்து நம்மைப் பார்க்கவில்லை. போட்டோவுக்கு நிற்பதுபோல யாரும் நிற்கவில்லை. வேலை மும்முரத்தில் பேச்சு நின்றுபோன நேரம் அது. பத்து, பதினோரு மணி வாக்கில் வீட்டில் அப்படி ஒரு நேரம் வருமே, அது உங்களுக்குத் தெரியாததா?

படத்தில் பெரிய ஆண்பிள்ளை ஒருவரும் இல்லை என்பதையும் கவனியுங்கள். அது பெண்களும் பிள்ளைகளும் மட்டும் புழங்குகிற வேளை.

வெர்மீர் ஊர் டெல்ஃப்ட். அங்கேயே 1632-இல் பிறந்து, அங்கேயே 1675-இல் நாற்பத்து மூன்று வயதில் இறந்துபோனார். கால்வாய்களும் பாலங்களுமான ஊர். நீல நிறப் பூவேலை செய்த பீங்கானுக்குப் பேர்போனது. டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இருந்த ஆறு கிளைகளில் ஒன்று டெல்ஃப்டில்தான் இருந்தது. இந்தப் படம் வரையப்பட்ட அதே 1658-இல்தான் அந்தக் கம்பெனி நம்ம நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியர்களிடமிருந்து பிடித்தது. அங்கே துப்பாக்கியும் கப்பலுமாக அமர்க்களப்பட்ட சமயம், கம்பெனியின் சொந்த ஊரில் ஒருவர் சந்து, துடைப்பம், சாக்கடை என்று வரைந்துகொண்டிருந்தார்! சரித்திரப் புத்தகத்தில் முதலாவதுதான் வரும்.

டெல்ஃப்டிலும் எல்லாம் சௌக்கியமாக இருந்ததாக நினைத்துவிடாதீர்கள். 1536-இல் ஊரில் பெரும் பகுதி தீயில் எரிந்துபோனது. 1654, அக்டோபர் 12-ந் தேதி காலையில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து ஊரின் ஒரு பக்கமே தரைமட்டமாயிற்று. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். வெர்மீருக்கு மூத்தவரான ஃபாப்ரிட்டியுஸ் என்ற அருமையான ஓவியர் தம் வீட்டு இடிபாட்டில் சிக்கி உயிர் விட்டார். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயசுதான்.

அதெல்லாம் நடந்து நாலு வருஷம் கழித்து வெர்மீர் எதை வரைகிறார்? இடியாமல் நிற்கிற ஒரு கிழட்டு வீட்டை. கிட்டே போய்ப் பார்த்தால் செங்கல் சுவரில் விரிசல் ஓடுகிறது. அதைச் சாந்து வைத்து அடைத்திருக்கிறார்கள். ஒட்டுப் போட்ட இடங்களையெல்லாம் அவர் மறைக்கவே இல்லை. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் உள்ள சுண்ணாம்புக் கோட்டைக்கூட விடாமல் போட்டிருக்கிறார். மனுஷர்கள் முகத்துக்கோ கண், மூக்கு சரியாக வைக்கவில்லை. நாலு பூச்சோடு விட்டுவிட்டார். சுவருக்குக் கொடுத்த கவனம் முகத்துக்கு இல்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது. அழகான முகமாக இருந்திருந்தால் நாம் அவளைப் பார்த்துவிட்டு வீட்டை விட்டிருப்போம்.

இப்போது படத்துக்கு அர்த்தம் சொல்கிறவர்களிடம் வருவோம். அந்தக் காலத்து ஹாலந்தில் குடும்பப் பெண் எப்படி இருக்க வேண்டும் என்று புத்தி சொல்லும் புத்தகங்களுக்குக் குறைவே இல்லை. யாகோப் காட்ஸ் என்பவர் 1625-இல் கல்யாண வாழ்க்கையைப் பற்றி எழுதிய செய்யுள் புத்தகம் வீட்டுக்கு வீடு இருந்ததாம். கன்னிப்பெண், மனைவி, தாய், விதவை என்று ஒவ்வொரு பருவத்துக்கும் அதில் உபதேசம். அதை வைத்துக்கொண்டு சில அறிஞர்கள், "இந்த ஓவியம் உழைப்பையும் கற்பையும் போற்றுகிறது, வாசலைத் தாண்டாத பெண்ணின் பெருமை இது" என்று சொல்வார்கள்.

சுத்தத்தைப் பற்றியும் பெரிய விவாதமே உண்டு. அப்போது ஹாலந்துக்குப் போன வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம், இந்த ஊர்ப் பெண்கள் வாசலையும் தெருவையும் தேய்த்துக் கழுவுகிற கழுவலைப் பார்த்து வாய் பிளந்திருக்கிறார்கள். டச்சு மொழியில் சுத்தம் என்பதற்கும் அழகு என்பதற்கும் ஒரே வார்த்தை உண்டு. ஏன் அப்படிக் கழுவினார்கள்? மத பக்தி, மனசு சுத்தம் என்று சிலர் காரணம் சொன்னார்கள். 2009-இல் இரண்டு சரித்திர ஆசிரியர்கள், வான் பாவெல், ஹெல்டர்ப்ளோம் என்று பெயர், வேறொரு காரணம் சொன்னார்கள். வீட்டுக்கு வீடு வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் தயார் பண்ணி விற்ற நாடு அது. பாத்திரமோ தரையோ கொஞ்சம் அழுக்கானாலும் சரக்கு கெட்டுவிடும், காசு போய்விடும். அந்தப் பால் வேலையைப் பார்த்தது பெண்கள். அங்கே படிந்த பழக்கம்தான் ஊருக்குள்ளும் வந்தது என்கிறார்கள். பால் காய்ச்சித் தயிர் தோய்த்துப் பார்த்த எவளும் இதை ஒரு நொடியில் ஒத்துக்கொள்வாள். ஆராய்ச்சிக்காரர்களுக்கு 2009 வரைக்கும் ஆயிற்று!

என்னைக் கேட்டால், இந்தப் படம் யாருக்கும் உபதேசம் பண்ணவில்லை. உபதேசம் பண்ண நினைத்தவர் அந்தப் பெண்ணை நடுவில் கொண்டுவந்து, முகத்தில் வெளிச்சம் போட்டு, பொறுமைசாலியாகச் சிரிக்க வைத்திருப்பார். வெர்மீர் அவளை வாசலின் இருட்டுக்கு முன்னால் சின்னதாக உட்கார்த்தி வைத்துவிட்டு ஜன்னல் கம்பிக்குப் போய்விட்டார். அவள் நல்லவளா கெட்டவளா என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. அவள் அங்கே இருக்கிறாள், துணி தைக்க வேண்டியிருக்கிறது, வெளிச்சம் வாசலில்தான் நன்றாக விழுகிறது. வாசலில் ஏன் உட்கார்ந்தாள் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டுமா? உள்ளே இருட்டு. ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் வேண்டும். குழந்தைகள் மீதும் ஒரு கண் இருக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

இன்னும் ஒரு சமாசாரம். கதிர்கள் பாய்ச்சிப் படத்தின் அடிப் பூச்சை ஆராய்ந்தபோது, சந்து வாசலில் இன்னொரு பெண் உட்கார்ந்திருப்பதுபோல முதலில் வரைந்திருந்தது தெரிந்தது. பிறகு அவள்மேல் பூசி அழித்திருக்கிறார். அவள் அங்கே இருந்திருந்தால் சந்து அடைபட்டிருக்கும். அவளை எடுத்ததால்தான் நம் கண் நேராக உள்ளே போய், குனிந்திருக்கும் பெண்ணிடம் போய் நிற்கிறது. தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பவளைவிட, கொல்லைப்புறத்தில் தண்ணீரோடு இருப்பவள்தான் அவருக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறாள்.

அந்தச் சந்தைப் பற்றித்தான் சுவாரஸ்யமான கதை இருக்கிறது.

டெல்ஃப்டில் எந்தத் தெரு இது என்று ரொம்ப காலமாகத் தேடினார்கள். ஆளுக்கொரு இடத்தைக் காட்டினார்கள். 2015-இல் ஃப்ரான்ஸ் கிரெய்ஸன்ஹௌட் என்ற கலைச் சரித்திரப் பேராசிரியர் 1667-ஆம் வருஷத்து வரிக் கணக்குப் புத்தகம் ஒன்றைப் புரட்டினார். கால்வாயைத் தூர் வாரும் செலவுக்காக, கரையோர வீட்டுக்காரர்களிடம் வசூல் பண்ணுவார்கள். வீட்டு முகப்பு எவ்வளவு அகலமோ அதற்குத் தகுந்த வரி. ஆகவே ஒவ்வொரு வீட்டின் அகலமும், வீடுகளுக்கு நடுவில் உள்ள சந்துகளின் அகலமும் அதில் பதிவாகியிருக்கிறது. சுமார் 6.3 மீட்டர் அகலத்தில் இரண்டு வீடுகள், நடுவே சுமார் 1.2 மீட்டர் அகலத்தில் இரண்டு சந்துகள் ஒட்டினாற்போல. இந்தக் கணக்குப்படி படத்துக்குப் பொருந்துகிற இடம், இன்றைக்கு ஃபிளாமிங்ஸ்ட்ராட் தெருவில் 40, 42-ஆம் எண்களாக இருக்கிறது என்றார். சில பேர் இன்னமும் ஒத்துக்கொள்ளவில்லை. ரெய்க்ஸ்மியூசியம் ஏற்றுக்கொண்டு அதற்காகவே ஒரு கண்காட்சியும் நடத்தியது. சாக்கடைத் தண்ணீர் போய்ச் சேர்கிற கால்வாயின் தூர்வாரும் கணக்கு, முன்னூற்று ஐம்பது வருஷம் கழித்து வீட்டைக் காட்டிக்கொடுத்திருக்கிறது பாருங்கள்.

வலது பக்கத்து வீடு யாருடையது தெரியுமா? வெர்மீருடைய அத்தை வீடு. அவர் அப்பாவுக்கு ஒரு வகையில் சகோதரி, ஆரியான்ட்ஜென் என்று பெயர். புருஷனை இழந்தவள். ஐந்து குழந்தைகள். ஆடு மாடுகளின் குடலைச் சுத்தம் பண்ணி விற்று, அந்த வருமானத்தில் பிள்ளைகளை வளர்த்தாள். வீட்டை ஒட்டிய சந்துக்கே 'குடல் வாசல்' என்று ஊரில் பெயர் வந்துவிட்டது. அதே கால்வாயில், எதிர்ச் சாரியில் கொஞ்சம் தள்ளி, வெர்மீரின் அம்மாவும் அக்காவும் இருந்தார்கள். அதனால் அது அவருக்கு முன்பின் தெரியாத தெரு இல்லை. ஓடியாடின இடம்.

இதைப் படித்ததும் நான் திரும்பவும் போய்ப் படத்தைப் பார்த்தேன். அமைதியான தெரு என்று சொன்ன இடத்தில் இப்போது வாடை அடித்தது! குடல் சுத்தம் பண்ணுவது லேசுப்பட்ட வேலையா? திருப்பிப் போட்டுச் சுரண்டி, நாலு தடவை ஐந்து தடவை அலசி, மணிக்கணக்கில் வேக வைக்க வேண்டும். தண்ணீர் குடம் குடமாகச் செலவாகும். அந்தப் பீப்பாய், அந்தத் துடைப்பம், சந்திலிருந்து தெரு வரைக்கும் வரும் அந்தக் கால்வாய், எல்லாவற்றையும் வேறு கண்ணோடு பார்க்கத் தோன்றியது. படத்தில் குடலும் இல்லை, ரத்தமும் இல்லை. கழுவி முடித்த தரைதான் இருக்கிறது. தையல் தைக்கிறவள்தான் அத்தை என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனாலும் 'வாசலைத் தாண்டாத பெண்ணின் பெருமை' என்று சொன்னவர்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது. இந்த வாசலில் வியாபாரம் நடந்தது. அந்த ஊர்ச் சட்டப்படி கல்யாணமான பெண் புருஷனுக்குக் கட்டுப்பட்டவள். விதவைக்கோ சொந்தப் பெயரில் கொடுக்கல் வாங்கல் நடத்த உரிமை இருந்தது. துக்கத்தோடு வந்த உரிமை அது.

குழந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெர்மீர் 1653-இல் காத்தரீனா போல்நெஸ் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு மாமியார் வீட்டிலேயே குடியிருந்தார். காத்தரீனா பெற்றது பதினைந்து. அதில் நாலு சின்னதிலேயே போய்விட்டன. பதினோரு பிள்ளைகள் ஓடித் திரிந்த வீட்டில் உட்கார்ந்து அவர் வரைந்த படங்களில், தனியாக நின்று கடிதம் படிக்கிற பெண், பால் ஊற்றுகிற பெண், தராசு பிடித்த பெண் என்று ஒரே நிசப்தம். இன்று அவர் வரைந்ததாகச் சொல்லப்படும் முப்பத்தேழு படங்களில் குழந்தைகள் விளையாடுவது இந்த ஒரு படத்தில்தான். டெல்ஃப்ட் நகரத்தைத் தூரத்திலிருந்து வரைந்த படத்தில் ஒரு பெண் கையில் கைக்குழந்தை உண்டு; அதோடு சரி. இந்தத் தெருவில்கூட இரண்டு பிள்ளைகளும் முதுகைக் காட்டிக்கொண்டு தங்கள் காரியத்தில் இருக்கிறார்கள். அம்மாவைக் கூப்பிடாமல், அழாமல், தாங்களாகவே விளையாடும் குழந்தைகள்! கைக்குழந்தைக்காரிகளே, இதைவிட ஒரு கனவுக் காட்சி உண்டா? அவரும் அதற்கு ஏங்கித்தான் வரைந்தாரோ என்னவோ.

அந்தக் காத்தரீனாவுக்கும் கடைசியில் அத்தையின் கதிதான் ஆயிற்று. 1672-இல் பிரெஞ்சுப் படை ஹாலந்துக்குள் நுழைந்ததும் படம் வாங்குவாரில்லை. 1675 டிசம்பரில் வெர்மீர் போய்விட்டார். ரொட்டிக் கடைக்காரர் வான் பைட்டனுக்குப் பாக்கி மட்டும் 617 கில்டருக்குக் குறையாமல் நின்றது. 1676 ஜனவரியில் காத்தரீனா அந்தக் கடனுக்கு ஈடாகப் புருஷன் வரைந்த இரண்டு படங்களைக் கொடுத்துவிட்டாள். அதே வருஷம், கடன்காரர்களிடமிருந்து காப்பாற்றும்படி அரசாங்கத்துக்கு மனுவும் போட்டாள். பிள்ளைகளுக்குப் போட்ட ரொட்டிக்கு ஓவியம் போனது. இதைப் படித்துவிட்டு 'மகா கலைஞர்' என்ற வார்த்தையை நான் கொஞ்ச நாள் உச்சரிக்கவில்லை.

'சின்னத் தெரு' அப்படி ரொட்டிக்குப் போனதாகத் தெரியவில்லை. டெல்ஃப்டில் மரியா டி க்னைட் என்று ஒரு வசதியான பெண்மணி இருந்தாள். வெர்மீரின் படங்களை வாங்கி ஆதரித்தவர் அவள் கணவர் வான் ரைவன் என்றே வெகு காலம் எழுதிவந்தார்கள். 2023-இல் வெர்மீருக்கு மிகப் பெரிய கண்காட்சி நடந்த சமயம், அந்த ஆதரவுக்கு உண்மையில் காரணம் மரியாதான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். 1665-இல் எழுதிய உயிலில் வெர்மீருக்கென்று 500 கில்டர் ஒதுக்கியிருந்தாள் அவள். அவளுக்குப் பிறகு சொத்து மகள் மக்தலேனாவுக்கும், பிறகு மருமகனுக்கும் போயிற்று. 1696 மே 16-ந் தேதி ஆம்ஸ்டர்டாமில் அந்த வீட்டு ஓவியங்களை ஏலம் விட்டார்கள். வெர்மீர் படங்கள் மட்டும் இருபத்தொன்று. பால் ஊற்றும் பெண் 175 கில்டருக்குப் போனாள். 'டெல்ஃப்டில் உள்ள ஒரு வீட்டின் காட்சி' என்று பட்டியலில் எழுதியிருந்த படம்தான் நம்ம சின்னத் தெரு என்று பெரும்பாலும் நம்புகிறார்கள். அது எழுபத்திரண்டரை கில்டருக்கு ஏலம் போயிற்று.